கை மாறிய எஞ்சின்

புதுவையும் வானமும் – வரலாற்றுத் தொடர், பகுதி 14

சென்ற பகுதியில் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டிலைப் புதுச்சேரியில் சந்தித்தோம். 1769 ஜூன் மாதம் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காண வந்தவரை மேகம் ஏமாற்றிவிட்டது. ஆனால் இங்கே தங்கியிருந்த நாட்களில் அவர் தமிழ்க் கணிதர்களிடம் கிரகணக் கணக்கு கற்றார். 1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ் முறையில் போட்டபோது 41 நொடி குறைவாக வந்தது. அன்றைய ஐரோப்பாவின் அட்டவணை, டோபியாஸ் மேயர் தயாரித்தது, 68 நொடி கூடுதலாகக் காட்டியது. சோழிகளை நகர்த்தி, வாய்பாடுகளை நினைவிலிருந்து சொல்லிப் போட்ட கணக்கு அது. அந்த அறிவைத் தாங்கியிருந்தவர்கள் மனிதர்கள். ஆசானிடமிருந்து மாணவனுக்கு அது போய்க்கொண்டிருந்த வரைக்கும் உயிரோடு இருந்தது.

அந்தக் கதையில் அறிவு புதுவையிலிருந்து பாரிசுக்குப் போயிற்று. இந்தப் பகுதியில் அது எதிர்த்திசையில் வருகிறது. நார்மண்டியிலிருந்து நெல்லைச் சீமையின் மலையடிவாரத்துக்கு வந்த ஒரு ராக்கெட் எஞ்சினின் கதை இது. மூன்று சந்திரயான்களையும் விண்ணுக்குக் கொண்டுபோனதில் அந்த எஞ்சினுக்கும் பங்கு உண்டு. நம் விண்வெளி வீரர்களை ஏற்றிச் செல்லவும் அதுவே இப்போது தயாராகிறது. 2040க்குள் இந்தியர் ஒருவரை நிலவுக்கு அனுப்ப வேண்டும் என்று 2023 அக்டோபரில் பிரதமர் இலக்கு வைத்தார். அந்த இலக்கின் வாசலிலேயே ஒரு கேள்வி நிற்கிறது: கையில் இருப்பதை வைத்துப் போவதா, புதிதாகச் செய்துகொண்டு போவதா? இதற்கு விடை தேடும் முன், ஒரு நாட்டின் கையில் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது என்று எப்போது சொல்லலாம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைக் கற்றுத்தருவதற்கு விகாஸ் என்ற அந்த எஞ்சினின் வரலாற்றைவிடச் சிறந்த பாடம் நமக்கு இல்லை.

கொடி இறங்கிய பிறகு

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று முழுமை பெற்றது. அதிலிருந்து பதினைந்தே மாதங்களில், 1963 நவம்பர் 21 அன்று, கேரளத்தின் தும்பா கடற்கரையிலிருந்து ஓர் ஆய்வு ராக்கெட் வானேறியது. இந்திய விண்வெளி வரலாறு அங்கே தொடங்குகிறது. அந்த ராக்கெட், நைக்-அப்பாச்சி, அமெரிக்கா தந்தது. அதன் தலையில் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸ் தந்தது. அந்தி வானில் அது பரப்பிய செம்மஞ்சள் மேகத்தைத் தென் தமிழகத்திலும் பலர் அண்ணாந்து பார்த்தார்கள்.

புதுவைக்காரர்களான நாம் இந்தத் தேதிகளைச் சேர்த்து வாசிக்க வேண்டும். ஆண்டவருக்கும் ஆளப்பட்டவருக்கும் இடையிலான கணக்கு தீர்ந்த கையோடு, இரு நாடுகளும் வேறொரு தளத்தில் கைகுலுக்கின. நம் விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாய்க்கும் பிரெஞ்சு விஞ்ஞானி ழாக் பிளாமோனுக்கும் இருந்த நட்பு அதற்குத் துணை நின்றது. பிரான்சின் சென்டார் என்ற ஆய்வு ராக்கெட்டை உரிமம் பெற்றுத் தும்பாவிலேயே செய்யக் கற்றோம். பத்தாண்டுகள் கழிந்ததும் அந்த உறவு மிகப் பெரிய பேரம் ஒன்றில் வந்து நின்றது.

உழைப்பைக் கொடுத்து அறிவை வாங்கிய ஒப்பந்தம்

1973ல் ஐரோப்பிய நாடுகள் ஏரியன் என்ற ராக்கெட்டைச் செய்ய முடிவெடுத்தன. அதற்கான வைக்கிங் என்ற திரவ எஞ்சினை உருவாக்கும் பொறுப்பு பிரான்சின் எஸ்.இ.பி. நிறுவனத்துக்கு. பாரிசுக்கு வடமேற்கே, சேன் நதிக்கரையில் உள்ள வெர்னோன் என்ற ஊரில் வேலை நடந்தது. வேலை பெரியது, கைதேர்ந்த பொறியாளர்கள் நிறையத் தேவைப்பட்டார்கள்.

இந்தியாவின் நிலை வேறு. இஸ்ரோ அப்போது எஸ்.எல்.வி-3 என்ற ராக்கெட்டுக்காகத் திட எரிபொருளில் கவனம் குவித்திருந்தது. திட எரிபொருள் எளிது, ஆனால் பற்றவைத்த பின் அணைக்க முடியாது. திரவ எஞ்சினை அணைக்கலாம், விசையைச் சீராகப் பிடித்து வைக்கலாம், அதே எடை எரிபொருளில் கூடுதல் பயன் பெறலாம். பெரிய செயற்கைக்கோள்களை அனுப்ப நினைக்கும் நாடு திரவ எஞ்சின் இல்லாமல் முன்னேற முடியாது. இதை விடாமல் வற்புறுத்தியவர்களில் முதன்மையானவர் நாகர்கோவிலில் பிறந்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராக்கெட் உந்துவியல் படித்துத் திரும்பிய நம்பி நாராயணன்.

1974ல் இஸ்ரோவும் எஸ்.இ.பி.யும் ஒப்பந்தம் செய்தன. வைக்கிங் எஞ்சினின் தொழில்நுட்பம் இந்தியாவுக்குக் கிடைக்கும். ஈடாக, இந்தியப் பொறியாளர்கள் 100 ஆள்-ஆண்டு உழைப்பைத் தருவார்கள். 20 பேர் 5 ஆண்டு வேலை செய்தால் 100 ஆள்-ஆண்டு. வெளிநாட்டுச் செலாவணிக்குத் திண்டாடிய நாடு, தன் பிள்ளைகளின் மூளையையும் உழைப்பையும் விலையாக வைத்தது.

இந்த ஏற்பாட்டின் அருமை அதன் சிக்கனத்தில் மட்டும் இல்லை. விலையைச் செலுத்தும் வேலையே பாடம் படிக்கும் வேலையாகவும் அமைந்துவிட்டது. நம்பி நாராயணன் தலைமையில் வெர்னோன் சென்ற இந்தியர்கள் பிரெஞ்சுப் பொறியாளர்களோடு தோளோடு தோள் நின்று வைக்கிங்கின் வளர்ச்சியில் பங்குகொண்டார்கள். எந்த உலோகப் பற்றவைப்பு எங்கே விரிசல் விடும், சோதனை மேடையில் எந்த அதிர்வு ஆபத்து, எந்த அதிர்வைப் பொருட்படுத்த வேண்டாம் என்பவை வரைபடத்தில் வருவதில்லை. எஞ்சின் பக்கத்தில் நின்றவருக்கே தெரியும். நம் ஊர்ச் சமையலில் கைப்பக்குவம் என்போமே, அதேதான் இது. குறிப்பை எழுதி வாங்கலாம், பக்குவத்தை அடுப்படியில் நின்றுதான் பழக வேண்டும்.

அந்தப் பக்குவம் எவ்வளவு நுட்பமானது என்பதைப் பிரான்சே கடினமான வழியில் உணர்ந்தது. ஏரியனின் முதல் பயணம் 1979 டிசம்பர் 24 அன்று வென்றது. 1980 மே 23 அன்று நடந்த இரண்டாவது பயணம் தோற்றது. முதல் கட்டத்தின் நான்கு வைக்கிங்குகளில் ஒன்றில் எரிதல் நிலைகுலைந்து, அதிர்வு பெருகி, ராக்கெட்டே போயிற்று. எரிபொருளைத் தெளிக்கும் பகுதியைத் திருத்தி, எரிபொருள் கலவையையும் மாற்றிய பிறகே ஏரியன் நிமிர்ந்தது. அந்தக் கலவை, யூஎச்25, இன்றும் நம் விகாஸில் எரிகிறது.

மகேந்திரகிரி

இந்தியாவில் அந்த எஞ்சினைச் செய்ய மும்பையின் கோத்ரெஜ், ஐதராபாத்தின் எம்.டி.ஏ.ஆர். போன்ற தொழிற்சாலைகள் முன்வந்தன. வரைபடம் பிரெஞ்சு, உலோகமும் கையும் இந்தியா. 1985ல் இந்தியர் செய்த முதல் எஞ்சின் சோதனையில் வென்றது. அதற்கு விகாஸ் என்று பெயர் வைத்தார்கள். திருநெல்வேலி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பணகுடிக்கும் காவல்கிணறுக்கும் அருகே மகேந்திரகிரியில் எழுந்த சோதனை மேடைகள் அதன் பிறந்தகம் ஆயின.

எஞ்சின் வேலை செய்யும் விதம் இதுதான். எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் எரியறையில் சந்தித்ததும் தாமாகவே பற்றிக்கொள்ளும், தீப்பொறி தேவையில்லை. இரண்டையும் உயர் அழுத்தத்தில் அறைக்குள் தள்ள ஒரு சுழல் பம்ப் வேண்டும். அந்தப் பம்பைச் சுழற்றும் வாயு ஒரு சிறிய தனி அறையில் எரிந்து உருவாகிறது. அதன் சூடு பம்பின் சக்கரத்தை உருக்கிவிடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக் குளிர்விக்கிறார்கள். ஆகவே ராக்கெட்டில் எரிபொருளோடு தண்ணீர்த் தொட்டியும் போகிறது. இப்படி ஒரு விகாஸ் தருவது ஏறத்தாழ 80 டன் உந்துவிசை.

1994 அக்டோபரில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதன்முறையாக வென்றபோது அதன் இரண்டாம் கட்டத்தில் விகாஸ் இருந்தது. 2008 அக்டோபர் 22 அன்று சந்திரயான்-1 ஏறிச் சென்றதும் பி.எஸ்.எல்.வி.யில்தான். சந்திரயான்-2, சந்திரயான்-3 இரண்டையும் எல்.வி.எம்-3 ராக்கெட் சுமந்தது. அதன் நடுக்கட்டத்தில் இரண்டு விகாஸ்கள்.

அதே 1994ன் இறுதியில், பி.எஸ்.எல்.வி. வென்ற சில வாரங்களில், நம்பி நாராயணன் பொய்யான உளவு வழக்கில் கைதானார். 1996ல் மத்தியப் புலனாய்வுத் துறை குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்றது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கைது தேவையற்றது என்று கூறி 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2019ல் பத்ம பூஷண் வந்தது. அறிவு மனிதர்களிடம் குடியிருக்கிறது என்றால், அந்த மனிதருக்கு இழைத்த அநீதி நாட்டின் அறிவுக்கும் இழைத்த அநீதி. இதை எழுதும்போது இன்றும் மனம் ஆறவில்லை.

எஞ்சின் வந்தது, அறிவு வரவில்லை

விகாஸின் பெருமையை எதிர்மறையாகக் காட்டும் இன்னொரு கதை உண்டு. ராக்கெட்டின் மேல்கட்டத்துக்குக் கடுங்குளிர் எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் எஞ்சின் தேவைப்பட்டது. 1991ல் சோவியத் ஒன்றியத்தின் கிளாவ்கோஸ்மோஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டோம். அமெரிக்கா கடுமையாக எதிர்த்தது. 1993ல் ரஷ்யா பின்வாங்கியது. கடைசியில் செய்துமுடித்த ஏழு எஞ்சின் கட்டங்கள் வந்தன, செய்யும் அறிவு வரவில்லை. இந்தியா தானே செய்த கிரையோஜெனிக் கட்டம் 2010 ஏப்ரலில் தோற்று, 2014 ஜனவரி 5 அன்றுதான் வென்றது. இருபது ஆண்டுகள். பொருளை வாங்கினோம், பக்குவத்தை நாமே அடிபட்டுக் கற்றோம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1969க்கும் 1972க்கும் இடையே 12 பேரை நிலவில் இறக்கிய அமெரிக்காவும் இதே பாடத்தைப் படித்தது. சாட்டர்ன்-5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினை இன்று அப்படியே செய்துவிட முடியாது. வரைபடங்கள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வோர் எஞ்சினின் உலோகத்தையும் தம் கையால் பற்றவைத்து இணைத்த தொழிலாளர்களின் நுட்பங்கள் பல எழுதப்படவே இல்லை. 2013ல் நாசாவின் மார்ஷல் மையத்தின் இளம் பொறியாளர்கள் பாதுகாத்து வைத்திருந்த ஒரு பழைய எஃப்-1ஐப் பிரித்து ஆராய்ந்தார்கள். தம் தாத்தாக்கள் காலத்து எஞ்சினை அவர்கள் முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

பிறகு மனிதரை மறுபடி நிலவுக்கு அனுப்பும் ஆர்ட்டெமிஸ் திட்டத்துக்காக நாசா, கையில் இருந்ததை எடுத்துக்கொண்டது. 2022 நவம்பரில் பறந்த எஸ்.எல்.எஸ். ராக்கெட்டின் நான்கு முதன்மை எஞ்சின்களும் விண்வெளி ஓடத்தில் பறந்தவை. அந்த ராக்கெட் சுமந்த ஓரியன் கலத்தின் முதன்மை எஞ்சின் அதற்கு முன்பே 19 முறை விண்வெளி சென்று திரும்பியது. இவை சொன்னபடி உழைத்தன. சிக்கல் வந்தது வெப்பக் கவசத்தில். அதன் பொருள் அப்பல்லோ காலத்து அவ்கோட். அன்று தேன்கூடு போன்ற பல்லாயிரம் அறைகளில் கையால் நிரப்பினார்கள். இந்த ஓரியனுக்கு அதைப் பாளங்களாக வார்த்து ஒட்டினார்கள். பூமிக்குத் திரும்பும்போது பொருளுக்குள் உருவான வாயு வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறி, கரிந்த பகுதிகள் பெயர்ந்து விழுந்தன. பொருள் பழையது, செய்முறை புதியது. அந்தக் கணமே அது சோதித்துப் பார்க்காத புதுத் தொழில்நுட்பம் ஆகிவிட்டது.

மனிதரை ஏற்றும் தகுதி

நம் கையில் உள்ள விகாஸுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். 2006 ஜூலை 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பக்கவாட்டு விகாஸ்களில் ஒன்று, எழும்பிய உடனேயே விசை இழந்தது. ராக்கெட் வங்கக் கடலின் மேல் சிதைந்தது. எரிபொருள் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு கருவியைச் செய்தபோது நேர்ந்த பிழை, பரிசோதனையிலும் தப்பிவிட்டது. பலமுறை வென்ற வடிவமைப்புதான். ஆனால் ஒவ்வோர் எஞ்சினும் புதிதாகப் பிறக்கிறது. வடிவமைப்பு பெற்ற நற்பெயரால் அந்த ஒரு எஞ்சினைக் காப்பாற்ற முடியவில்லை.

செயற்கைக்கோள் போனால் இன்னொன்று செய்துகொள்ளலாம். மனிதருக்கு? 2018 ஆகஸ்ட் 15 அன்று மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, இருக்கும் எல்.வி.எம்-3ஐயே பயன்படுத்துவது என்று இஸ்ரோ முடிவு செய்தது. சரியான முடிவு. ஆனாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. விகாஸை 2021 ஜூலை 14 அன்று மகேந்திரகிரியில் 240 நொடி தொடர்ந்து எரித்துப் பார்த்தார்கள். பறக்கும்போது அது எரிவது ஏறத்தாழ 200 நொடிதான். எரிபொருள் விகிதத்தையும் அறையின் அழுத்தத்தையும் வேண்டுமென்றே வழக்கமான எல்லைக்கு அப்பால் கொண்டுபோய், அப்போதும் தாங்குகிறதா என்று சோதித்தார்கள். மனிதர் ஏறும் ராக்கெட்டில் எரியறை அழுத்தத்தை 62 பாரிலிருந்து 58.5 பாராகக் குறைத்து ஓட்டுகிறார்கள். இருக்கும் பலம் முழுவதையும் எடுக்காமல், கொஞ்சம் இருப்பில் வைப்பதே பாதுகாப்பு.

அதே ராக்கெட்டின் மேல்கட்டத்தில் உள்ள கிரையோஜெனிக் சி.இ-20 எஞ்சினின் கணக்கு இன்னும் தெளிவானது. மனிதரை ஏற்றும் தகுதிக்கு 6,350 நொடி எரிய வேண்டும் என்பது விதி. நான்கு எஞ்சின்களை 39 முறை எரித்து 8,810 நொடி சேர்த்த பிறகே, 2024 பிப்ரவரியில் தகுதி முத்திரை குத்தினார்கள். இதற்குப் பிறகும் ஏதாவது தவறினால் வீரர்களை இழுத்துக்கொண்டு விலகும் தப்பிப்பு அமைப்பு முழுக்கப் புதிதாகச் செய்யப்பட்டது. 2023 அக்டோபர் 21 அன்று அதைச் சோதிக்க ஆளில்லாக் கலத்தைத் தூக்கிச் சென்றதும் ஒரே ஒரு விகாஸ் பொருத்திய சிறு ராக்கெட்தான். பழையது புதியதைச் சுமந்து சென்று சோதித்தது.

இங்கும் பிரான்சின் கை உண்டு. 2021 ஏப்ரலில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, வீரர்களின் உடல்நலம் காக்கும் மருத்துவர்களுக்கும், தரையிலிருந்து அவர்களோடு பேசும் குழுவுக்கும் துலூஸ் நகரில் பயிற்சி. வெர்னோனில் தொடங்கிய முறை மாறவில்லை: ஆட்களை அனுப்பிக் கற்பது.

விகாஸ் எட்டாத தூரம்

விகாஸின் மீது எவ்வளவு அன்பு இருந்தாலும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அது மனிதரை நிலவுக்குக் கொண்டுபோகாது. சந்திரயான்-3ன் எடை சுமார் 3.9 டன். அதுவே பூமியைப் பலமுறை நீள்வட்டத்தில் சுற்றிச் சுற்றி, 2023 ஜூலை 14ல் கிளம்பி ஆகஸ்ட் 5ல்தான் நிலவின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. அப்பல்லோ-11க்கு மூன்று நாள் போதுமாயிருந்தது. இயந்திரம் மெதுவாகப் போகலாம். மனிதரோ பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்களைத் திரும்பத் திரும்பக் கடக்கக் கூடாது. உணவும் காற்றும் நாளுக்கு நாள் எடையாக ஏறும். அப்பல்லோ கலங்கள் சேர்ந்து ஏறத்தாழ 45 டன். எல்.வி.எம்-3 பூமிக்கு அருகிலுள்ள சுற்றுப்பாதைக்கே சுமார் 8 டன்தான் தூக்கும்.

திரும்பி வருவதும் வேறு. தாழ்ந்த சுற்றுப்பாதையிலிருந்து இறங்கும் கலம் நொடிக்கு சுமார் 7.8 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குள் நுழையும். நிலவிலிருந்து வருவது 11 கிலோமீட்டர் வேகத்தில். கவசம் தாங்க வேண்டிய வெப்பம் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறும். ககன்யானின் கவசம் அங்கே போதாது.

ஆகவே புதியது வேண்டும். 2024 செப்டம்பரில் அமைச்சரவை 8,240 கோடி ரூபாயில் அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு ஒப்புதல் தந்தது. 30 டன் வரை தூக்கும், முதல் கட்டம் மீண்டும் பயன்படும், மீத்தேனில் எரியும். மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரியும் இன்னொரு எஞ்சின், விகாஸ்கள் இருக்கும் இடத்தையே எல்.வி.எம்-3ல் பிடிக்கப்போகிறது. 2025 மார்ச் 28 அன்று அதன் முக்கியப் பகுதிகள் மகேந்திரகிரியில் இரண்டரை நொடி எரிந்தன. விகாஸ் எரிக்கும் பொருட்கள் கொடிய நஞ்சு. மனிதர் பயணத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் இந்த மாற்றம் நல்லது.

இருப்பதையும் புதியதையும் இணைக்கும் மூன்றாவது வழியும் திறந்திருக்கிறது. 2025 ஜனவரி 16 அன்று இரண்டு சிறு செயற்கைக்கோள்களை விண்வெளியில் ஒன்றோடொன்று பூட்டிக் காட்டினார்கள். நிலவின் மண்ணைக் கொண்டுவரப்போகும் சந்திரயான்-4, ஒரே பெரிய ராக்கெட்டுக்குக் காத்திராமல், இரண்டு எல்.வி.எம்-3களில் பாகம் பாகமாகப் போய் மேலே இணையும் திட்டம். புதிதாகக் கற்ற ஒரே ஒரு வித்தை, பழைய ராக்கெட்டின் எல்லையை நீட்டிவிடுகிறது.

பிரான்சில் வைக்கிங்கின் காலம் 2003 பிப்ரவரி 15 அன்று முடிந்தது. 116 பயணங்களில் 113 வெற்றி கண்ட ஏரியன்-4 அன்று ஓய்வு பெற்றது. கற்றுக்கொடுத்த நாடு விட்டுவிட்ட எஞ்சினைக் கற்றுக்கொண்ட நாடு இன்றும் மெருகேற்றிக்கொண்டிருக்கிறது. 2025 ஜனவரியில் கூட, எரியும் விகாஸை அணைத்து மறுபடி பற்றவைக்கும் சோதனை நடந்தது. ஒருநாள் நாமும் அதை விடுவோம், விடத்தான் வேண்டும். அந்த நாள் வருவதற்குள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விகாஸின் பக்கத்தில் முப்பது நாற்பது ஆண்டு நின்றவர்களும் மீத்தேன் எஞ்சினைச் செய்யப்போகும் இளைஞர்களும் ஒரே சோதனை மேடையில் சில ஆண்டுகள் சேர்ந்து நிற்க வேண்டும். 1974ல் வெர்னோனுக்கு ஆட்களை அனுப்பிய அதே துணிச்சலோடு, இப்போது தலைமுறைக்குத் தலைமுறை அனுப்ப வேண்டும். 2040ன் பொறியாளர்கள் இன்று புதுவையிலும் நெல்லையிலும் பள்ளி மாணவர்கள். அவர்களுக்கு வரைபடத்தை மட்டும் கொடுத்தால், நம் எஞ்சினை அவர்களும் பிரித்துப் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

அடுத்த பகுதியில்: 1981 ஜூன் 19 அன்று பிரெஞ்சு கயானாவின் குரூவிலிருந்து ஏரியனில் ஏறிய நம் ஏப்பிள் செயற்கைக்கோள், அதற்கு முன் மாட்டு வண்டியில் ஏறியது ஏன்?